சூளைக்குள் வெயில் கிடையாது

இயேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை.

குவைத் பட்டணத்தில் கிரேன் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, கீழே நடமாடும் மனுசர்களை எறும்பாகப் பார்க்கும் பாக்கியம் பெற்ற என் அன்புக் கொழுந்தனார் கிளமெண்ட் அவர்களுக்கு, உங்க அண்ணன் ஜெரோமுக்கு வாக்கப்பட்டு இருபத்தாறு வருசம் ஆகியும் சிரிப்பு அடங்காத அண்ணி பாக்கியமேரி எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். உங்க அண்ணன் நலம், அவர் இடுப்பு மட்டும் நலமில்லை, அதற்குக் காரணம் கீழே வரும். உன் மனைவி நான்சி நலம். பாப்பா நலம். பசு இரண்டும் நலம். மண் நலம். அவ்விடம் உன் நலமும், போன முறை போட்டோவில் சட்டைப் பொத்தானோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த உன் தொப்பையின் நலமும் அறிய மிக்க ஆவல்.

மண் நலம் என்று எழுதியிருக்கிறேனே, அதை இன்னொரு தரம் படி. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. போன் இருக்கறப்ப கடுதாசி எதுக்குன்னு கேப்ப. நான் அடிச்சா ஒரு மணி அடிச்சுட்டுக் கட்டாயிடுது. என் நம்பரை நீ பிளாக் பண்ணி வச்சிருக்கறதா பாப்பாதான் கண்டுபுடிச்சுச் சொன்னா. நியாயம்தான். மேல குந்தியிருக்கறவனுக்குக் கீழ இருக்கற மண்ணப் பத்தி என்னா தெரியும்னு நான் கேட்டது ரவ அதிகமாத்தான் போச்சு. நான்சி பேசுனாலும், முடிவு பண்ணியாச்சு, அதப் பத்திப் பேசாதன்னு வச்சுடறியாம். அதனால மார்க்கெட்டு முகம்மது இஸ்மாயில் பாய் மகன் ஹமீது லீவு முடிஞ்சு நாளைக்கு பிளேன் ஏறறான் பாரு, அவன் கையில கொடுத்தனுப்பறேன். கடுதாசிய பிளாக் பண்றதுக்கு இன்னும் ஒருத்தனும் வழி கண்டுபுடிக்கல. கூடவே ஒரு கிலோ முந்திரிப் பருப்பும் வருது. நீ கடைசி வரி வரைக்கும் படிச்சு முடிக்காம பருப்பக் கையில கொடுக்காதன்னு ஹமீதுகிட்ட சொல்லியிருக்கேன். அவன் சொன்ன சொல்ல மீற மாட்டான், தொழுகைக்காரப் புள்ள.

விசயம் இதுதான். வர்ற பெரிய வியாழக்கிழமை, உலகம் பூரா சாமியாருங்க மத்தவங்க காலைக் கழுவிக்கிட்டு இருக்கற நாளு, நீ எம்பசிக்குப் போயி, நல்லூர் பக்கம் இருக்கற நம்ம மூணு ஏக்கரையும் பன்னெண்டு வருசத்துக்குத் தைலமரம் வைக்கறவனுக்கு விடறதுக்காகப் பவர் பத்திரத்துல கையெழுத்துப் போடப் போற. போடாத. மண்ணு செத்துப் போச்சு, மண்வள அட்டையிலயே வந்துடுச்சுன்னு சொல்றியே, அந்த அட்டை பொய். அட்டை அடிச்சவங்க மேல தப்பில்ல. அவங்க கையில வந்தத அவங்க நேர்மையாத்தான் பாத்தாங்க. அவங்க கையில வந்தது என்னாங்கறதுதான் சங்கதி. சொல்றேன். நான் ஒரு விசயத்தைச் சொன்னா எல்லா ஸ்டாப்புலயும் நின்னுதான் வரும்னு உனக்குத் தெரியாததா.

நீ பிளேன் ஏறி ரெண்டு வருசமும் மூணு மாசமும் ஆவுது. போறப்ப நான்சிகிட்ட, கொல்லைய சும்மா போட்டு வையி, நான் வந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போன. அவ புதுச்சேரியில மாடி வூட்டுல வளந்தவ. கல்யாணமாகி வந்த புதுசுல என்னைத் தனியாக் கூப்பிட்டு, மண்ணுக்கடியில காய்க்கற மல்லாட்டைய மரத்துல ஏறித்தான் பறிப்பாங்களான்னு கேட்டா. நான் ஆமாம்மான்னு சொல்லி, உங்க அண்ணன்கிட்ட ஏணி கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பி வச்சேன். அந்தப் பாவத்தை நான் இன்னும் சாமியார்கிட்ட சொல்லல. அப்படிப்பட்டவ இன்னைக்குக் கொல்லையில குனிஞ்சு ஒரு பிடி மண்ண எடுத்து, தண்ணி தெளிச்சு, உருட்டி, கட்டை விரலால பட்டையா இழுத்துப் பாத்து, இதுல களி இவ்வளோ, மணல் இவ்வளோன்னு சொல்றா. நான் இருபத்திரண்டு வருசமா பீங்கான் பட்டறையில களிமண்ணப் பெசஞ்சு பொழைக்கறவ. என் கை கத்துக்கிட்டத அவ கை ரெண்டே வருசத்துல கத்துக்கிச்சு. எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆவணும். ஓரகத்தியப் புகழ்ந்து மூணு பக்கம் கடுதாசி எழுதற பொம்பள இந்தக் கடலூர் ஜில்லாவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

நம்ம கொல்லை உனக்குத் தெரியும். ஆனா உனக்கு வரப்புதான் தெரியும், மண்ணு தெரியாது, கோவப்படாம கேளு. மேற்கால முந்திரித் தோப்பு. மாமா வச்சது. முப்பது வருசமா ஒரு பிடி உரத்தக் கண்ணால பாக்கல, ஆனா இலை கொட்டிக் கொட்டி மெத்தையாட்டம் கெடக்குது. கெழக்கால கரும்புக் கொல்லை. நீ பதினோரு வருசம் கரும்பு மேல கரும்பா வச்சு, யூரியாவக் கல்யாணத்துல அட்சதை போடற மாதிரி ரெண்டு கையாலயும் வாரிப் போட்டு, போர் தண்ணியப் பாய்ச்சி வளத்தது. தெக்கு ஓரத்துல நாலு வரிசை தைலமரம். அதுவும் உன் கைங்கரியம். அதுக்கு அடியில அருகம்புல்லு கூட உக்காரப் பயப்படுது. நடுவுல முக்கா ஏக்கர், எதுவும் வெளையாதுன்னு நீயே கைவிட்டது. அந்தக் கைவிட்டதத்தான் நான்சி கையில எடுத்தா. ஆட்டுக்காரப் பழமலையக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை போட்டா. நூத்தம்பது ஆட்ட ராத்திரிக்கு அங்க அடைச்சு வச்சா புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குத்தானே. ஒரே எடத்துல அடைக்க விட மாட்டா, தெனம் பட்டிய நாலு முழம் நகத்தணும். வாடகை வூட்டுக்காரன் கூட இவ்வளோ அடிக்கடி சாமான் தூக்க மாட்டான், என் ஆட்டுக்கு அதுங்க அட்ரஸே மறந்து போச்சுன்னு பழமலை என்கிட்ட வந்து அழுதான். அதுக்கப்பறம் தழையுரத்துக்காகச் சணப்பு வெதச்சு, மஞ்சளா பூ எடுக்கற நேரத்துல மடக்கி உழுதுட்டா. ஊரே வாயில கை வச்சுது. பூத்த பயிரை உழுவறாளே, புருசன் பக்கத்துல இல்லாத ஏக்கம் மண்டைக்கு ஏறிப்போச்சுன்னு பேசுனாங்க. நானும்தான் பேசுனேன், பொய் சொல்ல மாட்டேன். அப்பறம் அதுல உளுந்து போட்டா. உளுந்து எப்படி வந்துதுன்னு ஊர்ல யார வேணும்னாலும் கேளு. பேசுன வாய் எல்லாம் ஆளுக்கு ரெண்டு படி வாங்கிட்டுப் போச்சு.

இந்த மாசி மாசம் அவ ஒரு பயிற்சிக்குப் போயிட்டு வந்து என்கிட்ட சொன்னா. "அக்கா, மாமா வாங்குனப்ப இது ஒரே கொல்லை, ஒரே மண்ணு. நாலு விதமா பொழங்கியிருக்கோம். இப்ப நாலு மண்ணா மாறியிருக்கணும். அதை எழுத்துல பாக்கணும்க்கா." எனக்கு அது ஒடனே புரிஞ்சு போச்சு. ஒரு வூட்டுல பொறந்த நாலு பொண்ணுங்கள நாலு வூட்டுக்குக் கட்டிக் கொடுத்த மாதிரி. ஒருத்தி நல்லாத் தின்னுட்டுப் படுத்துக் கெடக்கறா, அது முந்திரி. ஒருத்தி சோறு இல்லாம டானிக்குலயே உசுரோட இருக்கறா, அது உன் கரும்பு. ஒருத்திய மாமியாக்காரி தண்ணி கூடக் குடிக்க விடறதில்ல, அது தைலம். நாலாவது, வாழாவெட்டின்னு ஒதுக்கி வச்சிருந்தவ, ரெண்டாங் கல்யாணம் கட்டிக்கிட்டு இப்ப கன்னம் வச்சுட்டா.

மண்ணு எடுக்கறது நம்ம நெனக்கற மாதிரி ஒரு பிடி அள்ளறது இல்ல கிளமெண்ட்டு. அது ஒரு பூசை. ஒவ்வொரு கொல்லையிலயும் எட்டு எடத்துல, மம்முட்டியால சாண் ஆழத்துக்குச் சாய்வா வெட்டி, அந்தச் சுவத்துலேர்ந்து மேலேர்ந்து கீழ வரைக்கும் சீவி எடுக்கணும். வரப்போரம் கூடாது, எருக்குழிப் பக்கம் கூடாது, மரத்து தூருல கூடாது. எட்டையும் ஒண்ணாக் கலந்து, வட்டமாப் பரப்பி, நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கத் தள்ளிடணும். மறுபடி பரப்பி, மறுபடி பிரிச்சு, அரைக்கிலோ ஆவுற வரைக்கும். எதிர்க்கொல்லை பெரியம்மாள் வரப்புல நின்னு ரெண்டு மணி நேரம் பாத்துட்டு, நான்சி வட்டம் போட்டு நாலாக் கீறறதப் பாத்து, யாருக்குடி செய்வினை வைக்கறன்னு கேட்டுது. நான்சி, உங்க கொல்லைக்கும் வச்சுத் தரட்டுமா ஆயான்னு கேட்டா. அன்னைக்கிலேர்ந்து பெரியம்மாள் நம்ம வரப்ப மிதிக்கறதில்ல. அந்த நாலு மண்ணையும் போட நாலு துணிப் பை வேணும்னு, நீ வச்சுட்டுப் போன வெள்ளைச் சட்டையில தைச்சா. வருத்தப்படாத, அது இனிமே உனக்கு எப்படியும் பத்தாது.

இதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் நடந்துது. இதுக்கப்பறம்தான் நான் வரேன். மண்ணை நிழல்ல காய வச்சு எடுத்துட்டுப் போவணும். வெயில்ல காட்டக் கூடாதாம். ஆனா மாசி மாசத்துல வராத மழை மூணு நாளு விடாம வந்துது. நல்லூர்ல வூட்டுச் செவுரே வேர்த்து வழிஞ்சுது. நான்சி நாலு பையையும் வச்சுக்கிட்டு, நனைஞ்ச கோழிக்குஞ்ச ஏந்தற மாதிரி தவிச்சா. நான்தான் பெரிய மனுசியாட்டம், கொண்டா இப்படி, பட்டறையில ஒரு நாள்ல காய வச்சுத் தரேன்னு வாங்கிட்டு வந்தேன். நான் ஏறுன பஸ்ஸு கிளம்பற வரைக்கும் அவ ஜன்னலோரம் நின்னு, நிழல்ல அக்கா, நிழல்லன்னு மூணு தரம் சொன்னா. எனக்குக் காது நல்லாக் கேக்கும். நிழல்லதான் வச்சேன். பொம்மை சுட்ட சூளைய அணைச்சு ஒண்ணரை நாளு ஆயிருந்துது, வாய்ச் செவுரு பாதி பிரிச்சிருந்துது. சூளைக்குள்ள வெயில் எங்கேர்ந்து வரும்? இத்தன வயசுக்கு அதைவிடக் கெட்டியான நிழல நான் பாத்ததே இல்ல.

அதோட விட்டேனா. எங்க பட்டறையில மண்ணுன்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்குது. வேர் முடி ஒண்ணு கெடந்தாலும் சுடறப்ப பொம்மை மூக்கு வெடிச்சுடும். அதனால எந்த மண்ணு கையில வந்தாலும் சலிச்சு, பொறுக்கி, சுத்தம் பண்ணித்தான் பழக்கம். நான்சி மண்ணப் பாக்கறேன், ஒரே குப்பை. வேரு, இலைத் துணுக்கு, புழுக்கைத் தூளு, மண்புழு ஒண்ணு வேற நெளிஞ்சுது. அரசாங்கத்து ஆபீசுக்குப் போற மண்ண இப்படியா அனுப்பறது, நம்ம குடும்பத்தப் பத்தி என்னா நெனப்பாங்கன்னு நாலையும் மெல்லிசு சல்லடையில சலிச்சு, மண்புழுவ மட்டும் தோட்டத்துல விட்டுட்டு, நாலு தட்டுல பரப்பி, சாக்பீசால நம்பர் போட்டு, நீளக் கம்பியால சூளைக்குள்ள தள்ளிட்டு, ஜெபமாலைக்குப் போயிட்டேன். மறுநாள் காலையில எடுத்துப் பாக்கறேன், நாலும் அப்படி ஒரு செவப்பு. ரோஜாப்பூ கெட்டுது. ஒரு வாசனை இல்ல, ஒரு பூச்சி இல்ல. என் கைவேலைய நானே மெச்சிக்கிட்டு, வாய்விட்டு ஆகான்னு சொல்லி, பையில கட்டி நான்சிகிட்ட கொடுத்தேன். அவ பைக்குள்ள எட்டிப் பாக்காத மாதிரி இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். நேரா பஸ்ஸு ஏறிட்டா. மாசி மகத்துக் கூட்டம், கோயிலுக்குப் போறவங்க மடியெல்லாம் பூவும் பழமும், இவ மடியில நாலு பை மண்ணு. கண்டக்டர் என்னாம்மா அதுன்னு கேட்டிருக்கான். மண்ணுன்னு இவ சொல்ல, நிக்கற ஆளுக்கே எடம் இல்ல, மண்ணு உக்காந்துக்கிட்டு வருதேன்னு சொன்னானாம்.

பரிசோதனைக் கூடத்துல வேலை பாக்கற பொண்ணு பையப் பிரிச்சதும் நான்சிய மேலேயும் கீழேயும் பாத்துட்டு, அங்க முன்னாடி செங்கச் சூளை எதாவது இருந்துதான்னு கேட்டிருக்கு. இல்லன்னு இவ சொல்லியிருக்கா. எட்டாவது நாளு அட்டை வந்துது. அங்ககக் கரிமம்னு ஒரு கட்டம் இருக்குது, மண்ணுக்கு உசுரு எவ்வளோன்னு காட்டற கட்டம். நாலுலயும் இல்லவே இல்லங்கற மாதிரி. தழைச்சத்து தரைமட்டம். அதை அவ போட்டோ புடிச்சு உனக்கு அனுப்புனா. நீ அன்னைக்கே போன் போட்டு, நான் அப்பவே சொன்னேன்ல, ரெண்டு வருசம் ஆட்டுக்குப் பின்னாடி அலைஞ்சு என்னா கிழிச்ச, தைலமரத்து ஆளு கேட்டுக்கிட்டே இருக்கான், விட்டுத் தொலைச்சுட்டு புதுச்சேரியில உங்க அம்மா வூட்டுல போயி இருன்னு சொல்லிட்ட. நீ சொன்னது ரெண்டு நிமிசம். அதைக் கேட்டுட்டு அவ இருந்தது ஒம்போது நாளு.

அந்த ஒம்போது நாளப் பத்தி நான் சிரிச்சுக்கிட்டே எழுத முடியல. பழமலையக் கூப்பிட்டு இனிமே கிடை வேணாம்னு சொல்லிட்டா. அவன், என் ஆடு எதாவது தப்பா நடந்துக்கிச்சாம்மான்னு கேட்டிருக்கான். பாப்பாவுக்கு டீசி வாங்கணும்னு ஸ்கூல்ல சொல்லி வச்சா. நான் ஞாயித்துக்கிழமை கோயில்ல பாக்கறப்பல்லாம், நாலு அட்டையும் எப்படிக்கா ஒரே மாதிரி வரும், முந்திரியும் கரும்பும் ஒண்ணா வர்றதுக்கு வழியே இல்லையேக்கா, நான் தோண்டுனதுலதான் எங்கயோ தப்புன்னு தன்னையே சொல்லிக்கிட்டா. எனக்கு மூணாவது நாளே சந்தேகம் வந்துடுச்சு. நம்ம பட்டறை நல்லமுத்து இருக்காரே, சூளைக்கு எரி வுடறவரு, அவர்கிட்ட சும்மா கேக்கற மாதிரி, அணைச்ச சூளையில ஒண்ணரை நாள் கழிச்சு எவ்வளோ சூடு இருக்கும்னு கேட்டேன். வெறகக் காட்டுனா பத்திக்கும்னாரு. ஆனாலும் வாயத் தொறக்கல. மண்ணப் பத்தி எனக்குத் தெரியாததான்னு ஊர்பூரா பேசிட்டுத் திரியறவளுக்கு, அதைச் சொல்றது லேசுப்பட்ட காரியமா. ஒம்போதாவது நாளு நல்லூருக்குப் போனேன். மாட்டுக் கொட்டாயில, கிடைக்கு வச்சிருந்த வலைய மடிச்சுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும், "ரெண்டு வருசமா நான் என்னக்கா பண்ணேன்"ன்னா. அழுவல. அழுதிருந்தா நானும் கூட அழுதுட்டு வந்திருப்பேன்.

"நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் சுட்டுட்டேன்"ன்னேன்.

"எதைக்கா?"

"மண்ண. சூளையில வச்சு."

கையில இருந்த வலையக் கீழ போட்டா. அறையப் போறா, வாங்கிக்கலாம்னு கன்னத்தைக் கூடத் திருப்பி வச்சுட்டேன். அவ, "எத்தன டிகிரி இருக்கும்க்கா"ன்னு கேட்டா.

வெறகு பத்திக்கற சூடு, பீங்கான் வேகாத சூடுன்னேன். அவ விரல மடக்கி என்னமோ யோசிச்சா. அப்படின்னா உசுரெல்லாம் எரிஞ்சு சாம்பலாயிருக்கும், அதான் நாலும் ஒண்ணாயிடுச்சு, அப்ப நான் தோண்டுனது சரிதான்னு சொல்லிட்டு, சிரிக்க ஆரம்பிச்சா பாரு. படுத்திருந்த பசு எந்திரிச்சு நின்னுடுச்சு. நானும் சிரிச்சேன். எனக்குச் சிரிக்கற உரிமை இல்லைதான், ஆனா அது உரிமை பாத்தா வருது. சிரிச்சு முடிச்சு அவ ஒரு வார்த்தை சொன்னா, அது மட்டும் எனக்கு ஒறைச்சுது. "உங்க பட்டறைக்குச் செத்த மண்ணு வேணும்க்கா, வேரு, புழு எதுவும் இருக்கக் கூடாது. எனக்கு அதுங்கதான் வேணும்." இருபத்திரண்டு வருசத்துல இதை எனக்கு யாரும் சொல்லல கிளமெண்ட்டு. நான் குப்பைன்னு சலிச்சுக் கொட்டுனனே, அதுதான் கொல்லையாம். மிச்சம் இருந்தது வெறும் பொம்மை பண்ற மண்ணு.

அன்னைக்கே திரும்பத் தோண்டுனோம். கொல்லைக்கு எட்டுன்னு முப்பத்திரண்டு குழி. எனக்குத் தண்டனை பக்கெட்டு தூக்கறது. உங்க அண்ணன் எந்தத் தப்பும் பண்ணல, பொண்டாட்டி பண்ண பாவத்துக்கு மம்முட்டி புடிச்சாரு, இருபதாவது குழியில இடுப்புப் புடிச்சுக்கிச்சு. மேல சொன்ன காரணம் இதுதான். இந்தத் தரம் மண்ணு எங்க காஞ்சுது தெரியுமா? நீ மொத வருசச் சம்பளத்துல வாங்கிப் போட்டியே டபுள் கட்டிலு, அதுல பழைய வேட்டிய விரிச்சு, ஃபேனப் போட்டு, நாலு மண்ணும் மூணு நாளு சொகுசாப் படுத்திருந்துது. உன் பொண்டாட்டியும் புள்ளையும் தரையில படுத்தாங்க. அந்த ரூமு வாசப்படியத் தாண்ட எனக்கு அனுமதி இல்ல. பாப்பா நெலையில எனக்குன்னே ஒரு பேப்பர் ஒட்டி வச்சா: பெரியம்மா உள்ளே வரக் கூடாது.

முந்தாநாளு புது அட்டை வந்துது. கட்டத்துக்குக் கட்டம் எனக்குச் சொல்லிக் கொடுத்தா, நான் உனக்குச் சொல்றேன், கிரேன நிறுத்திட்டுக் கேளு. நாலும் நாலு விதம். அவ சொன்னபடியே நாலு மண்ணு. முந்திரித் தோப்புல கரிமம் புள்ளி ஏழு நாலு. மண்ணுல லேசா புளிப்புத் தட்டுது, அவ்வளோதான் குறை. தைலமரத்து ஓரம் புள்ளி மூணு, புளிப்பு அதைவிடக் கூட, சத்துல எதை எடுத்தாலும் குறைவு. அந்த மரம் நம்ம மண்ணுல என்னா பண்ணும்னு தெரிஞ்சுக்க நீ பன்னெண்டு வருசம் காத்திருக்க வேணாம், நாலு வரிசைய வச்சுப் பாத்துட்டுத்தான் போயிருக்க. அப்பறம் உன் கரும்புக் கொல்லை. கரிமம் புள்ளி ரெண்டு எட்டு, நாலுலயும் கடைசி ரேங்க்கு. உப்பு ஏறி, காரம் எட்டரைக்குப் போயி நிக்குது. மணிச்சத்து மட்டும் ஏகத்துக்குக் கெடக்குது. நீ வருசா வருசம் கொட்டுன டி.ஏ.பி. உரம்தான் அது. ஆனா அந்தக் காரத்துல பயிரு அதை எடுக்க முடியாதாம். நகை நெறைய இருக்குது, பீரோ சாவி காணோங்கற கதை. கோவப்படாத, எல்லாரும் செஞ்சதைத்தான் நீயும் செஞ்ச.

இப்ப நடு முக்கா ஏக்கர். கரிமம் புள்ளி ஆறு எட்டு. காரமும் இல்ல, புளிப்பும் இல்ல, நட்ட நடுவுல ஏழு. முந்திரி முப்பது வருசம் இலை கொட்டிச் சேத்தத, உன் பொண்டாட்டி ரெண்டு வருசத்துல ஆட்டுப் புழுக்கையும் சணப்பும் போட்டு எட்டிப் புடிக்கப் போறா. எட்டு ரூவா வட்டிக்காரன் கூட இந்த வேகத்துல சேத்ததில்ல. நான் நேத்து அங்க போயி ஒரு பிடி எடுத்து மோந்து பாத்தேன். மழை பேஞ்சு விட்ட வாசனை, மழையே இல்லாம. பட்டறையில எத்தன லாரி களிமண்ணு எறக்கியிருப்பேன், ஒரு நாளும் ஒரு மண்ணும் என்னைத் திரும்பி மோந்து பாக்க வச்சதில்ல. கைய உதறறதுக்கே மனசு வரல. அதை அப்படியே முந்தானையில தொடச்சுக்கிட்டு வந்தேன்.

உன் கரும்புக் கொல்லைக்கும் அவ வழி வச்சிருக்கா. ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணியத் தேக்கி உப்ப வடிச்சு, தக்கைப்பூண்டு வெதச்சு மடக்கி உழணுமாம். மூணு வருசம் பொறுக்கச் சொல்றா. பெரியம்மாள் கூட நேத்து வரப்புக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு, அந்தச் செய்வினைய எங்க கொல்லைக்கும் வைக்கச் சொல்லுன்னு என்கிட்ட சொல்லி அனுப்புது. பழமலைக்கு ஆள் அனுப்பியாச்சு. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அது விழாம இருக்கணும். அந்த மண்ணு செத்துப் போனது என் சூளையில, உன் கொல்லையில இல்ல. கோவத்தை என் மேல காட்டு, என் நம்பர இன்னும் பத்து வருசத்துக்கு பிளாக்குலயே வையி. பேனாவ மட்டும் எடுக்காத.

புது அட்டையோட நகலு இதுக்குள்ளயே வச்சிருக்கேன், நான்சிய போட்டோ புடிச்சு அனுப்பச் சொன்னா, அப்பறம் பாக்கலாம்க்காங்கறா. உங்க அண்ணன் உன்னை விசாரிக்கச் சொன்னாரு, குப்புறப் படுத்துக்கிட்டே சொன்னாரு. நீ ஏறற கிரேனும் எறங்கற ஏணியும் மாதா கைக்குள்ள இருக்கணும்னு தெனம் கேட்டுக்கறேன். சூடு கம்மியான நேரமாப் பாத்து வெளிய போ, சோத்த நேரத்துக்குத் தின்னு, தின்னது போதும்னு தோணுனா அதையும் நம்பு. பாஸ்கா பண்டிகைக்கு ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தையும் கொஞ்சூண்டு புத்தியையும் கொடுக்கட்டும். ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும்னா சுகத்தையே வாங்கிக்க, புத்திக்குத்தான் நான்சி இருக்காளே.

இப்படிக்கு,
உன் மேல் என்றும் மாறாப் பாசமுள்ள அண்ணி,
ஜெ. பாக்கியமேரி

பின்குறிப்பு: இதை கவர் முதுகுலதான் எழுதறேன். ஹமீதும் படிப்பான், படிக்கட்டும். கடுதாசிய மடிச்சு உள்ள வச்சப்பறம் நான்சி வந்தா. என்னாக்கா எழுதுனீங்கன்னு பிரிச்சு முழுசும் படிச்சா. ஏணி விசயத்துல சிரிச்சா. கடைசியில மொகம் மாறிப்போச்சு. இதை அனுப்பாதீங்கக்கான்னா. ஏன்டின்னேன். "மண்ணு நல்லா இருக்குன்னு தெரிஞ்சா அவரு வேலைய விட்டுட்டு வந்துருவாருக்கா." வரட்டுமே, உன் புருசன்தானேன்னேன். "வந்தா யூரியா மூட்டையோட வருவாருக்கா. ரெண்டு வருசத்துல ஆனதை ரெண்டு மாசத்துல பழையபடி ஆக்கிடுவாரு"ங்கறா. நெனச்சுப் பாத்தா அதுவும் நியாயமாத்தான் படுது. அதனால தம்பி, உள்ள இருக்கறது அத்தனையும் மறந்துடு. மண்ணு செத்ததுதான், மொத அட்டைதான் சரி, நான் சூளைப் பக்கமே போகல. பத்திரத்துல கையெழுத்தும் போடாத, இந்தப் பக்கமும் வந்துடாத. இதுதான் உன் பொண்டாட்டி சொல்லச் சொன்னது, சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு. கவரு ஒட்ட வூட்டுல பசை இல்ல, சரி விடு, அனுப்ப வேணாம்னு நான் எந்திரிச்சுட்டேன். அடுக்களைக்குப் போயி சோத்துப் பருக்கை நாலு எடுத்துட்டு வந்து, நசுக்கித் தடவி, வாயோரம் பிரியாம கட்டை விரலால அழுத்தி அழுத்தி ஒட்டிக் கொடுத்தது அவதான்.